ஆலோசகர் நாற்காலி யாருக்கு? இணையவழி உளவியல் முதுகலையும் அடைபட்ட வழியும்

2025 ஜூலை மாதத்தில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு முடிவுகள் வெளிவந்தன. ஜூலை 23 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தனது 592ஆவது கூட்டத்தில், உளவியல் உள்ளிட்ட நலப்பணித் துறைப் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வி வழியாகவும் இணையவழியாகவும் இனி நடத்தக் கூடாது என்று தீர்மானித்தது. ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், சுக்தேப் சாகா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆலோசகர்கள் நாடெங்கும் தேவை என்கிறது நீதிமன்றம். வேலை பார்த்துக்கொண்டே படித்து ஆலோசகராக முயன்ற ஏழைப் பட்டதாரிக்கு இருந்த மலிவான வழியை அடைக்கிறது மானியக் குழு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. புதிதாக உருவாகப்போகும் அந்த ஆயிரக்கணக்கான நாற்காலிகளில் யார் அமரப்போகிறார்கள்?

இக்கேள்வி நமக்கு வெறும் வேலைவாய்ப்புக் கேள்வி அன்று. 2016இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும், 2019இல் மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தத்வியையும் இழந்தோம். 2023இல் டெல்லி ஐஐடியில் பட்டியல் சாதி மாணவர் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களுடைய பெற்றோர் முதல் தகவல் அறிக்கை ஒன்றைப் பதிவுசெய்யவே உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2025 மார்ச் 24 அன்று அமித் குமார் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் அந்நீதிமன்றம் வழக்குப் பதிவுக்கு உத்தரவிட்டதோடு, முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது. சாதியால் காயப்பட்ட மாணவர் ஆலோசனை அறைக்குள் நுழையும்போது எதிரில் இருப்பவர் அந்தக் காயத்தைப் பெயர் சொல்லி அறிந்தவரா, அல்லது ‘சூழலோடு ஒத்துப்போகத் தெரியாதவர்’ என்று குறிப்பெழுதி அனுப்புபவரா என்பதே இதில் அடங்கியுள்ள வேறுபாடு.

ஆகவே, உளவியல் படிக்காத பட்டதாரிகள் முதுகலை வழியாக அத்துறைக்கு மாறுவது எப்படி, இணையவழிப் பட்டங்களை எப்படி எடைபோடுவது, எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது என்பவற்றை இன்றைய சட்ட நிலையோடு சேர்த்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அடைபட்டது எந்த வழி?

இளங்கலையில் வேறு பாடம் படித்தவர்களை உளவியலுக்குக் கொண்டுவரும் முதுகலைப் படிப்பைப் பிரிட்டனில் ‘கன்வெர்ஷன் மாஸ்டர்ஸ்’ என்பர். தமிழில் துறைமாற்று முதுகலை எனலாம். இந்தியாவில் அப்பெயரில் படிப்பு இருந்ததில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்தது தொலைநிலைக் கல்விதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் முதுகலைக்கு எந்தப் பாடத்தில் இளங்கலை பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை இருந்தது. தமிழ்நாட்டிலும் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்விப் பிரிவுகள் உளவியல் முதுகலையை நடத்திவந்தன.

அவ்வழியில் வந்தவர்கள் யார்? இளங்கலையில் தமிழோ வரலாறோ வணிகவியலோ படித்துவிட்டு, குடும்பத்துக்காக உடனே வேலைக்குச் சென்றவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்ந்த பெண்கள். இளங்கலை உளவியலே பெரும்பாலும் நகரத்துக் கல்லூரிகளில், சுயநிதிப் பிரிவுகளில் இருக்கும் நாட்டில், கிராமத்து அரசுக் கல்லூரியிலிருந்து வெளிவரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 17 வயதில் உளவியலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அந்த வாய்ப்பு அவருக்கு 25 வயதில் கிடைத்தது. தொலைநிலை வழியில் கிடைத்தது.

மானியக் குழுவின் அறிவிப்பு 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் செயலுக்கு வந்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து மற்றும் உணவுமுறையியல் ஆகியவை அதில் பெயர் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டுள்ளன. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் நலப்பணித் தொழில்கள் ஆணையச் சட்டம் இதற்கு அடிப்படையாகக் காட்டப்படுகிறது. அச்சட்டத்தின் அட்டவணையில் நடத்தைசார் நலப்பணியாளர் என்னும் பிரிவின்கீழ் உளவியலாளர், ஆலோசகர், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் இடம்பெறுகின்றனர்.

காரணம் நியாயமானது, முடிவு அரைகுறையானது

மானியக் குழுவின் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் பேசுவதைக் காணொளிப் பாடத்தில் மட்டும் கற்றுக்கொள்ள இயலாது. மேற்பார்வையாளர் அருகிலிருக்க, நேரடியாக மனிதர்களைச் சந்தித்துப் பெறும் பயிற்சிக்கு மாற்றில்லை. பயிற்சியில்லாத ஆலோசகரிடம் முதலில் சிக்குபவரும் ஏழையே. வசதியுள்ளவர் வேறொருவரிடம் சென்றுவிடுவார். தரமற்ற சிகிச்சையைச் சமூகநீதியின் பெயரால் நியாயப்படுத்துவது நம் மக்களுக்கே கேடு.

ஆனால் கோளாறு பயிற்சிப் பகுதியில் இருந்தது. புள்ளியியலையும் வளர்ச்சி உளவியலையும் ஆய்வு முறைகளையும் இணையத்தில் படிப்பதில் யாருக்கும் கேடில்லை. பாடத்தை இணையவழியிலும் பயிற்சியை மாவட்ட மருத்துவமனையிலும் நடத்தும் கலப்பு முறையை வகுத்திருக்கலாம். தொலைநிலை இடங்களை மூடும் அதே நாளில் அரசுக் கல்லூரிகளில் முறைசார் இடங்களைக் கூட்டுமாறு மாநிலங்களைக் கேட்டிருக்கலாம். தொலைநிலைப் பட்டம் ஏற்கெனவே பெற்றோருக்குக் குறுகிய கால இணைப்புப் பயிற்சி ஒன்றை அறிவித்திருக்கலாம். அறிவிப்பில் இருப்பது தடை மட்டுமே.

தடையின் சுமை எல்லோர் தலையிலும் ஒரே எடையில் விழுவதில்லை. இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டு, நகரத்தில் தங்கி, முறைசார் முதுகலை படிக்கக்கூடியவருக்கு இது செய்தித்தாளில் ஒரு வரி. மாதச் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பெரியாது என்னும் நிலையில் இருப்பவருக்கு இது வாழ்க்கைத் தீர்ப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது உறுப்பு, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலன்களைத் தனிக் கவனத்தோடு மேம்படுத்த வேண்டும் என்று அரசுக்கு வழிகாட்டுகிறது. ஒரு விதி யாருடைய கதவை மூடுகிறது என்று எண்ணிப்பார்க்காமல் கொண்டுவரப்படும்போது அந்தத் தனிக் கவனம் காற்றில் போகிறது.

ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் கலங்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிப் படிப்புகள் ஒழுங்குமுறைகளின் 22ஆம் விதி, மானியக் குழுவின் ஏற்பு பெற்ற தொலைநிலைப் பட்டத்தை முறைசார் பட்டத்துக்கு இணையானதாக அறிவிக்கிறது. புதிய முடிவு 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து முன்னோக்கிச் செல்வது. அதற்கு முன் ஏற்புடன் சேர்ந்து பெற்ற பட்டத்தை எந்த அலுவலகமாவது ‘செல்லாது’ என்று திருப்பி அனுப்பினால், அக்காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.

வெளிநாட்டு இணையவழிப் பட்டம் தருவது என்ன?

உள்நாட்டு வழி அடைபட்டவுடன் கைபேசித் திரையில் வேறு விளம்பரங்கள் நிரம்புகின்றன. வீட்டிலிருந்தபடியே பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் முதுகலை. இளங்கலையில் எப்பாடமும் போதும். பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் ஏற்பு உண்டு. இவை பெரும்பாலும் பொய்யான விளம்பரங்கள் அல்ல. சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல் உள்ளது.

பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் ஏற்பு பெற்ற துறைமாற்று முதுகலை 180 மதிப்பலகுகள் கொண்டது. உயிரியல் உளவியல், அறிதல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், தனிமனித வேறுபாடுகள், ஆய்வு முறைகள் ஆகியவை அதன் அடிப்படைப் பாடங்கள். இறுதியில் ஓர் ஆய்வேடு. அதை உரிய மதிப்பெண்ணோடு முடித்தவருக்கு அக்கழகத்தின் பட்டயத் தகுதிக்கான ‘பட்டதாரி அடிப்படை’ கிடைக்கிறது. மேற்கொண்டு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் உரிமை என்பதே அதன் பொருள். சிகிச்சையளிக்கும் உரிமையை அது தருவதில்லை.

பிரிட்டனிலேயே சிகிச்சை உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் போன்ற பெயர்கள் சட்டப் பாதுகாப்புக்குட்பட்டவை. 2009 முதல் அவற்றின் பதிவேட்டை நலம் மற்றும் பராமரிப்புத் தொழில்கள் மன்றம் பேணிவருகிறது. சிகிச்சை உளவியலாளர் ஆவதற்குத் துறைமாற்று முதுகலைக்குப் பின் களப் பணி அனுபவமும், அதன் மேல் மூன்றாண்டு முனைவர் நிலைப் பயிற்சியும் வேண்டும். அரசு நிதியோடு நடக்கும் அப்பயிற்சி இடங்கள் பெரும்பாலும் அங்கேயே வசிப்போருக்கானவை. ஆகவே இங்கிருந்தபடி அப்பட்டத்தைப் பெறும் மாணவர், ஒரு மாளிகையின் வெளி வாயிலைக் கடக்கச் சீட்டு வாங்குகிறார். உள்ளறைகளுக்குத் தனித்தனிப் பூட்டுகள் உள்ளன.

இந்தியாவில் அச்சீட்டின் மதிப்பு என்ன? இணையக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வழங்கும் பட்டங்களுக்குத் தன் ஏற்பு இல்லை என்று மானியக் குழு 2023 டிசம்பரில் பொது அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டுத் தகுதிகளுக்குச் சமநிலை வழங்குவது குறித்து 2025 ஏப்ரலில் வந்த ஒழுங்குமுறைகளும், உரிம ஒப்பந்த அடிப்படையில் இடைநிறுவனங்கள் வழங்கும் பட்டங்களை ஏற்பதில்லை. எனவே பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் படிப்பா, இடையில் ஒரு நிறுவனம் நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நேரடியாக நடத்துவதாயினும், இணையவழியில் பெறும் இப்பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வழங்கப்படுமா என்று மானியக் குழுவிடம் எழுத்தில் கேட்டு விடை பெறும் வரை ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. சேர்க்கை முகவரின் வாய்மொழி உறுதி நீதிமன்றத்தில் நிற்காது.

சட்டம் யாரை எப்படி அழைக்கிறது?

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் பதவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘உளவியலாளர்’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் பணிகளைச் சட்டம் வெவ்வேறாகப் பிரித்து வைத்துள்ளது.

முதலாவது, சிகிச்சை உளவியலாளர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவருக்கு இலக்கணம் வகுக்கிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தகுதி வேண்டும். அல்லது உளவியல் முதுகலையோடு, மேற்பார்வையின்கீழ் நேரடிப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.பில். வேண்டும். முதுகலை மட்டும் முடித்தவர், அது எந்த நாட்டுப் பட்டமாயினும், இப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம், பதிவேட்டில் இல்லாதவர் மறுவாழ்வுத் தொழிலர் என்ற நிலையில் பணியாற்றுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. எம்.பில். பட்டத்தையே 2022இல் மானியக் குழு நிறுத்திவிட்டது. சிகிச்சை உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு தரப்பட்டது. இத்துறைக்கு வர விரும்புவோர், எம்.பில். இடத்தில் மறுவாழ்வுக் குழுமம் ஏற்கும் புதிய படிப்புகள் எவை என்பதை அக்குழுமத்தின் தளத்தில் நேரடியாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மனநலச் சமூகப் பணியாளர். சமூகப் பணி முதுகலையும் அதன் மேல் மனநலச் சமூகப் பணியில் எம்.பில். பயிற்சியும் இதற்கான தகுதி. இவரும் மேற்சொன்ன மனநலச் சட்டத்தில் மனநலத் தொழிலராக இடம்பெறுகிறார்.

மூன்றாவது, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் உளவியலாளரும் ஆலோசகர்களும். பள்ளி, கல்லூரி, நலவாழ்வு மையம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றும் பெரும்பாலோர் இவ்வட்டத்தில் அடங்குவர். இவர்களுக்கான பாடத்திட்டமும் பதிவேடும் அச்சட்டத்தின்கீழ் அமையும் ஆணையமும் மாநில மன்றங்களும் வகுப்பவை. உச்ச நீதிமன்றத்தின் ஜூலை 25 தீர்ப்பால் உருவாகக்கூடிய வேலைகள் பெரும்பாலும் இங்குதான் இருக்கும்.

நான்காவது, ஆசிரியரும் ஆய்வாளரும். இவர்களுக்கு வேண்டியது மானியக் குழு ஏற்கும் முதுகலை, பிறகு தேசியத் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். சிகிச்சைப் பதிவேடு தேவையில்லை.

நால்வரில் யாராக விரும்புகிறோம் என்ற தெளிவில்லாமல் படிப்பைத் தேடினால், விளம்பரம் செய்பவரே நம் எதிர்காலத்தைத் தீர்மானிப்பார்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று: இப்பட்டம் எந்தப் பதிவேட்டில் என்னைச் சேர்க்கும்? பதிவேட்டின் பெயரைச் சொல்ல முடியாத நிறுவனத்தின் பட்டம் சுவரில் மாட்டுவதற்கே உதவும்.

இரண்டு: நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில், யாருடைய மேற்பார்வையில்? ‘பயிற்சியிடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்’ என்றால் அச்சுமை யார்மீது விழும் என்று நமக்குத் தெரியும். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் இடம், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பத்து வாசல் ஏறி இறங்கினாலும் கிடைப்பதில்லை.

மூன்று: மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணத்தோடு தேர்வுக் கட்டணம், பயணம், பயிற்சிக் காலத்தில் இழக்கும் ஊதியம், வெளிநாட்டுப் படிப்பாயின் நாணய மாற்று ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பவுண்டில் கட்டும் பல தவணைகள் முடிவதற்குள் ரூபாயின் மதிப்பு மாறிவிடும்.

நான்கு: இடையில் நின்றால் என்ன கிடைக்கும்? பாதியில் நிற்பவருக்குச் சான்றிதழோ பட்டயமோ உண்டா, கட்டிய பணம் திரும்புமா, எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து: கல்வி உதவித்தொகை செல்லுமா? இதைத் தனியாகப் பார்க்க வேண்டியுள்ளது.

நிதி: திட்டங்களின் எல்லை

பட்டியல் சாதி மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய். 2020-21 முதல் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. உள்நாட்டு முறைசார் முதுகலைக்கு இதுவே முதல் துணை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் குடும்ப வருமானம் வந்தாலே வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர் பலர் இதற்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்குத்தான் தொலைநிலைக் கல்வி தேவைப்பட்டது.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஒன்றியச் சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உள்ளது. ஆண்டுக்கு மொத்தம் 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 இலட்சத்துக்குள், வயது 35க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இத்தகையது. இரண்டும் வெளிநாடு சென்று படிப்போருக்கானவை. வீட்டிலிருந்து படிக்கும் இணையவழித் துறைமாற்று முதுகலைக்கு இவற்றை நம்பித் திட்டமிட முடியாது. மேலும் 2025-26ஆம் ஆண்டுக்கான தேசியத் தேர்வில் 106 பேர் தெரிவான பின்பும் முதலில் 40 பேருக்கே தற்காலிக ஆணை தரப்பட்டது; ஏனையோருக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. பட்டியலில் பெயர் வந்துவிட்டதென்று வேலையை விட்டுவிடக் கூடாது; ஆணை கைக்கு வரட்டும்.

அண்ணல் அம்பேத்கரின் படிப்பே இதற்குப் பாடம். பரோடா அரசின் உதவியோடு 1913இல் கொலம்பியா சென்ற அவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். திரும்பி வந்து முடிப்பதற்கான அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே பெற்றுவைத்தார். பம்பாயில் பேராசிரியராக உழைத்துச் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் சென்று முடித்தார். படிப்பு தடைபடும் என்று அறிந்து திட்டமிட்டவர் அவர். இடைநிற்றல் குறித்து மேலே சொன்ன நான்காவது கேள்வியின் எடை இங்கு விளங்கும்.

இன்று திறந்திருக்கும் வழிகள்

மானியக் குழு 2024 ஜூனில் வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, உரிய நுழைவுத் தேர்வில் தேறினால் இளங்கலைப் பாடம் எதுவாயினும் வேறு துறையில் முதுகலை சேரலாம் என்கிறது. எழுத்தளவில் இதுவே இந்தியாவின் முறைசார் துறைமாற்று வழி. இதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் நடைமுறைப்படுத்தவில்லை. பலவற்றின் தகுதி விதிகள் இன்னும் இளங்கலை உளவியலையே கேட்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத எண்ணுவோர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தகுதி விதியையும் தனித்தனியே படிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இக்கட்டமைப்பை ஏற்கச் சொல்லி மாணவர் அமைப்புகள் ஆட்சிக்குழுவிடம் மனு கொடுக்க வேண்டும்.

சமூகப் பணி முதுகலை இன்னொரு வலுவான வழி. பொதுவாக எந்தப் பட்டதாரியும் சேரலாம். மருத்துவ மற்றும் மனநலச் சிறப்புப் பிரிவோடு இதை வழங்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் உள்ளன. களப்பணி இப்படிப்பின் உடலிலேயே கலந்திருப்பதால் நேரடிப் பயிற்சி என்ற குறை எழுவதில்லை. ஜூலை 25 தீர்ப்பு, ஆலோசகர், உளவியலாளர் ஆகியோரோடு சமூகப் பணியாளரையும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றிருந்தால் ஏற்கிறது. இயக்கப் பணியில் இருப்போருக்கு உளவியலைவிட இது அருகிலுள்ள வாசல்.

சிகிச்சை உளவியல் பயிற்சிக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல மருத்துவ நிறுவனம் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களில் இடஒதுக்கீடு உண்டு. மறுவாழ்வுக் குழுமத்தின் எம்.பில். விதிகளில் முதுகலை மதிப்பெண் வரம்பு பொதுப் பிரிவுக்கு 55 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 விழுக்காடு. தனியார் நிறுவனங்களின் இடங்களுக்கு இப்பாதுகாப்பு எந்த அளவு செயல்படுகிறது என்பதே கேள்வி. அதற்கு விடைகாணும் கருவி நம் கையில் உள்ளது: 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்திலும் கடந்த ஐந்தாண்டில் எத்தனை இடங்கள், பிரிவுவாரியாக எத்தனை நிரப்பப்பட்டன, எத்தனை காலியாக விடப்பட்டுப் பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டன என்று கேட்கலாம். அரசு நிறுவனங்களிடம் நேரடியாகவும், தனியார் நிறுவனங்கள் பற்றி மறுவாழ்வுக் குழுமத்திடமும் கேட்கலாம். 30 நாளில் விடை வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. அந்த விடைகளே நாளைய பொதுநல வழக்கின் ஆவணங்கள்.

கோரிக்கைகள்

கல்வியைத் திட்டமிடுவது தனி மாணவரின் வேலை; வழியைத் திறந்துவைப்பது அரசின் கடமை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் மாணவர்மீது சுமத்துவது அநீதி.

மானியக் குழு, பாடம் இணையவழியிலும் பயிற்சி நேரடியாகவும் நடக்கும் கலப்பு முறை முதுகலையை அனுமதிக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மையங்களையும் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளையும் பயிற்சியிடங்களாக அறிவித்து, பயிற்சிக் காலத்துக்கு மாத உதவித்தொகை வழங்க வேண்டும். தொலைநிலை முதுகலை பெற்றோருக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேட்டில் நுழைய உதவும் இணைப்புப் பயிற்சியை ஆணையம் வகுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு, மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலாவது உளவியல் முதுகலையை, எந்தப் பட்டதாரியும் சேரும் விதியோடு தொடங்க வேண்டும். கல்வி நிறுவனங்களில் புதிதாக உருவாகும் ஆலோசகர் பதவிகள் ஒப்பந்தக் கூலிகளாக இல்லாமல், இடஒதுக்கீட்டு சுழற்சிமுறைக்கு உட்பட்ட நிரந்தரப் பணியிடங்களாக இருக்க வேண்டும். ஒப்பந்த நியமனம் என்ற பின்வாசலில் இடஒதுக்கீடு கரைந்துபோவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளுக்கு நல அலுவலர் என்ற பதவியை அக்குழு பரிந்துரைத்தது. வகுப்பறைக்குள் சாதி வன்முறை எப்படி விளைகிறது என்று அறிந்தவர்கள் பள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பதே அப்பரிந்துரையின் உயிர். அப்பணிக்கு ஆட்களை உருவாக்கும் படிப்புகளின் வாசலை இறுக்கிவிட்டுப் பதவிகளை மட்டும் அறிவித்தால், வசதி படைத்தோரின் பிள்ளைகளே அவற்றை நிரப்புவர்.

தலித் மாணவருக்குத் தலித் ஆலோசகர் மட்டுமே உதவ முடியும் என்பது வாதமன்று. நல்ல பயிற்சியும் நேர்மையும் உள்ள எவரும் உதவலாம். ஆனால் ஒரு தொழிலின் பாடநூலையும் பயிற்சியையும் நோய்ப் பெயர்களையும் வகுக்கும் இடத்தில் ஒரு சமூகமே இல்லாதபோது, அச்சமூகத்தின் துயரத்துக்கு அத்தொழிலில் பெயரே இருக்காது. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலச் சிக்கல்களுக்குச் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை என்று கண்டது. இவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்பும் பணிக்கு ஆள்சேர்ப்பு இப்போதுதான் தொடங்குகிறது. விதிகள் எழுதப்படும் இந்த ஆண்டுகளில் நாம் மனு கொடுக்காமலும், இடங்களை எண்ணிக் கேட்காமலும், வழக்காடாமலும் இருந்தால், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகள் அந்த அறைக்குள் நோயாளிகளாக மட்டுமே நுழைவார்கள்.